ஒரு நூல் கூட்டி வச்சேன்

ஏலே பேராண்டி, வா, இந்தத் திண்ணையில உக்காரு. மூஞ்சிய ஏன் உம்முனு வச்சிருக்க? நேத்து ராத்திரி தாத்தா ஒன்னைய ஏமாத்திட்டேன்னு கோவமாக்கும்? முப்பத்தஞ்சு வருசம் ரேடியோ செட்டு போட்டவன்ட்ட நீயா காதைக் கொண்டாந்து நீட்டினா, அவன் திருகாம வேற என்ன செய்வான்?

கொடைக்கு லீவு போட்டு வாரேன்னு சொன்ன. சந்தோசம். பையைப் பிரிச்சா வேட்டி ஒண்ணு, ஹெட்போன் மூணு. "காது ரெண்டுதானய்யா இருக்கு, மூணாவது யாருக்கு?"ன்னு ஒங்க ஆச்சி கேட்டா. வெவரம் தெரியாதவ கேட்ட மாதிரி இருந்தாலும் அந்தக் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லல. ஒண்ணு சென்ஹைசர் ஹெச்டி 600. இன்னொண்ணு அதே வீட்டுப் பெரிய மருமகன், ஹெச்டி 800 எஸ். மூணாவது ஆபீஸ் சேக்காளிட்ட இரவல் வாங்கினது, ஹைஃபைமேன் சுஸ்வாரா. பேரைக் கேட்டதும் ஏதோ பாகவதர் மக பேருன்னு நெனைச்சேன். 2017ல வந்தப்போ 6,000 டாலர்னு சொன்ன. இன்னைக்குக் கணக்குல அஞ்சு லட்ச ரூவாய்க்குக் கொறையாது. அஞ்சாறு கறவை மாடு வாங்கலாம்லே. மாடு கத்துனா ஊருக்கே கேக்கும், அதுக்குத் தனியா ஆம்ப்ளிபயரும் வேண்டாம்.

இருக்கட்டும். காசு ஒன்னோடது, காதும் ஒன்னோடது. எனக்குத் தாங்காதது நீ பேசுத பேச்சுதான். 600ஐ மாட்டிட்டு "கொஞ்சம் திரை போட்ட மாதிரி இருக்கு"ன்ன. 800ஐ மாட்டிட்டு "ஒரு திரை விலகிருச்சு"ன்ன. சுஸ்வாராவை மாட்டிட்டு "இன்னொரு திரையும் போயிருச்சு தாத்தா"ன்ன. எத்தனை திரைலே? நம்மூரு நாடகக் கொட்டாயிலயே ரெண்டு திரைதான். அதுக்கும் மேல அவுத்தா வேசங்கட்டுதவன் பீடி குடிக்கதுதான் தெரியும்.

அப்புறம் "மேடை அகலமா இருக்கு, வயலின் இடது பக்கம் பத்தடி தள்ளி நிக்குது"ன்ன. என்ன பாட்டுன்னு பாத்தா, எங்க காலத்துப் பழைய பிளேட்டுப் பாட்டு. ஸ்டீரியோ வாரதுக்கு முந்தி ஒத்தைத் தடத்துல பதிஞ்சது. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போவும், அம்புட்டும் நடு மண்டையிலதான் கேக்கும். அதுல ஒனக்கு வயலின் பத்தடி தள்ளி நின்னுச்சுன்னா, அந்தப் பத்தடியும் நீ குடுத்த காசுல கட்டுன கொட்டகை.

அங்கனதான் எனக்கு நாக்கு அரிச்சிருச்சு. "கண்ணைக் கட்டிக்க, கம்பியை மாத்துதேன், வித்தியாசம் சொல்லு"ன்னேன். துண்டால இறுக்கிக் கட்டினேன். 800ல சொருகிக் கெடந்த சாதாக் கம்பியைக் கழட்டினேன். அதையே திரும்பச் சொருகினேன். நீ பொத்திப் பொத்திக் கொண்டாந்த வெள்ளிக் கம்பி இருக்குல்லா, அது அந்நேரம் என் வெத்தலைப் பெட்டிக்குள்ள சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்துச்சு. நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஆம்ப்ளிபயர் திருகை ஒரு நூல் கூட்டி வச்சேன். ஒரு நூல்தான்லே, தச்சன் கணக்குல.

நீ என்ன சொன்ன? "ஆகா, மேல எல்லாம் தெறந்துருச்சு தாத்தா. குடத்து அடி நெஞ்சுல வந்து விழுது. வெள்ளின்னா வெள்ளிதான்!" ஆச்சி அடுப்படியில இருந்து சிரிச்ச சத்தம் ஒனக்குக் கேட்டுச்சா? திரையெல்லாம் விலகின காதாச்சே, கேட்டிருக்கணும்.

சரி, என் திருட்டையும் சொல்லிப்புடுதேன். கொடை நடக்கும்போது கமிட்டிக்காரன் ஒருத்தன் கட்டாயம் வருவான். "சத்தம் சரியில்லயே, கொஞ்சம் எடுப்பா வைக்கப்பிடாதா?"ம்பான். குழாய் ஸ்பீக்கரு அதேதான், யூனிட்டு அதேதான், அதைக் கட்டுன வேப்பமரமும் அதேதான். அவனுக்கு முன்னால வந்த ஆளு "கொறைச்சு வைய்யா"ன்னு சண்டை போட்டுட்டுப் போயிருப்பான். இவங்களுக்குன்னே என் பொட்டியில ஒரு திருகு வச்சிருந்தேன். உள்ள ஒரு கம்பியோடயும் சேராத திருகு. அதை மெதுவா, முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, காதைச் சாய்ச்சுக்கிட்டுத் திருகுவேன். "இந்தா, இப்பத்தான் எடுப்பா இருக்கு!"ன்னு சர்பத்து வாங்கிக் குடுத்துட்டுப் போவான். அந்தத் திருகு எனக்குச் சம்பாதிச்சுக் குடுத்த சர்பத்துக்குக் கணக்கே கெடையாது. மனுசன் காதால மட்டும் கேக்கதில்ல, பாத்துக்க. கண்ணால கேக்கான், கையால கேக்கான், எல்லாத்துக்கும் மேல குடுத்த காசால கேக்கான்.

ஆனா நேத்து நீ கேட்டது முழுப்பொய்யும் இல்ல. அதையும் ஒத்துக்கிடணும். சத்தம் கூடினா கீழ்ச்சுருதியும் உச்சிச்சுருதியும் மத்ததை விடக் கூடுதலா எந்திரிச்சு வரும். காதோட சுபாவம் அப்படி. அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல பிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே இதை அளந்து கோடு போட்டு வச்சிட்டாங்க. ஒரு டெசிபெல் கூடினா, "சத்தமா இருக்கு"ன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். "தெளிவா இருக்கு, உசுரா இருக்கு"ம்பான். கடைக்காரனுக்கு இது தெரியும். விக்கணும்னு நெனைக்கிற சரக்கை ஒரு நூல் கூட்டி வைப்பான். நான் ஒன்ட்ட காசு வாங்காம வச்சேன், அம்புட்டுதான் வித்தியாசம்.

அதனால மொத புத்தி: ரெண்டை ஒப்பிடணும்னா முதல்ல சத்தத்தைச் சமமா வையி. கம்பிக்கும் ஆம்ப்ளிபயருக்கும்னா மல்டிமீட்டர் போதும். ஒரே சுருதியை ஓட விட்டு வோல்ட்டைப் பாத்துக்கலாம். ஹெட்போனுக்கு ஹெட்போன்னா அந்தக் கணக்கு எடுபடாது, ஒண்ணு கொஞ்சம் குடுத்தாலே பாடும், இன்னொண்ணு நெறையக் கேக்கும். அப்போ ஏதாச்சும் இரைச்சலை ஓட விடு. பிங்க் நாய்ஸுன்னு நீ போட்டுக் காட்டினியே, குத்தாலத்துல மெயினருவிக்குக் கொஞ்சம் தள்ளி நின்னா கேக்குமே, அச்சு அசல் அதே சத்தம். ரெண்டுலயும் அருவி ஒரே தூரத்துல விழுற மாதிரி ஆக்கிட்டு, அப்புறம் பாட்டுக்குப் போ.

ரெண்டாவது புத்தி: போன மாசம் கேட்டதை இன்னைக்குக் கேட்டதோட ஒப்பிடாத. சத்தத்தோட நுணுக்கம் மனசுல சில நொடிதான் அப்படியே நிக்கும். மிச்சமெல்லாம் நாம சேத்துக்கிட்ட கதை. பெங்களூர்க் கடையில ஏசி போட்ட ரூமுல கேட்ட ஹெட்போனையும், இங்கன காக்கா கத்துத திண்ணையில கேட்டதையும் தராசுல வைக்கியே, எந்தத் தராசுலே அது? வித்தியாசம் இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா சட்டுச் சட்டுனு மாத்திக் கேளு. அதோட குடித்தனம் நடத்த முடியுமான்னு பாக்கணும்னா ஒரு வாரம் காதுலயே கெடக்கட்டும். பொண்ணு பாக்கப் போற அன்னைக்கு எல்லார் வீட்டுக் கேசரியும் இனிக்கத்தான் செய்யும். பளபளன்னு உச்சிச்சுருதியைத் தூக்கிக் குடுக்குத ஹெட்போன் பத்து நிமிசத்துல ஜெயிக்கும், ரெண்டு மணி நேரத்துல தலைவலி குடுக்கும்.

மூணாவது புத்தி சொல்லணும்னா கண்ணைக் கட்டுன்னு சொல்லணும். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு, நானே ஒத்துக்கிடுதேன். 600ஓட எடை 260 கிராம். சுஸ்வாரா 450 கிராம். எத்தனை துண்டைக் கட்டினாலும் தலை கண்டுபிடிச்சிரும். "இது கனக்கு, அப்போ வெலையும் கனம்"னு மண்டை முடிவு கட்டிரும். இதுக்கும் ஒரு சூட்சுமம் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு நீதானே சொன்ன? ஹார்மன் கம்பெனியில சீன் ஆலிவ்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் ஒரே ஒரு ஹெட்போனைத் தலையில மாட்டி விட்டு, மத்த ஹெட்போனோட சுருதி ஏத்த இறக்கத்தையெல்லாம் அதுக்குள்ளயே வேசங்கட்டி ஓட விட்டாங்களாம். எடை மாறாது, தொடுகை மாறாது, வேசம் மட்டும் மாறும். கூத்துல ஒரே ஆளு ராசாவாவும் வருவான், கட்டியங்காரனாவும் வருவானே, அது மாதிரி. அதுல கெடைச்ச சேதி என்ன? நல்ல ரூமுல நல்ல ஸ்பீக்கரைக் கேட்டா எப்படி இருக்குமோ, அதுக்குக் கிட்ட வாரதைத்தான் பெரும்பாலான ஆளுக "நல்லாருக்கு"ங்கிறாங்க. மந்திரமும் இல்ல மாயமும் இல்ல.

2017ல ஜெரோன் பிரீபார்ட்டுன்னு இன்னொருத்தரு ஏகப்பட்ட ஹெட்போனோட அளவுகளை வெலைப் பட்டியலோட ஒட்டிப் பாத்தாரு. சுருதி ஏத்த இறக்கத்துக்கும் வெலைக்கும் சம்பந்தமே தெரியலன்னு எழுதிட்டாரு. இதை வாசிச்சுச் சொன்னதும் நீதான். சொல்லிட்டு அந்தக் கையாலயே இரவல் சுஸ்வாராவைத் தடவிக் குடுத்த. சாராயம் கெடுதின்னு போஸ்டர் ஒட்டுதவன் பசைக்காசுல குடிக்கப் போன கணக்கு.

அதுக்காக மூணும் ஒண்ணுதான்னு நான் சொல்லல. குழாயைத் தூக்கி மரத்துல கட்டுனவன் அப்படிச் சொன்னா அது பொய்யி. மூணு சென்மமும் வேற வேற. 600லயும் 800லயும் இருக்கது என் குழாய் யூனிட்டோட சின்னப் பேரன்தான். காந்தம், அதுக்கு நடுவுல காயில், காயில் ஆட்டுத மெல்லிசு டயபிரம். சுஸ்வாராவுல காயிலே கெடையாது. சவ்வு மாதிரி ஒரு தகடு, அதுமேலயே கம்பிக்கோடு ஓடுது, ரெண்டு பக்கமும் காந்தம், மொத்தச் சவ்வும் ஒண்ணாச் சேந்து ஆடும். இன்னொரு சாதியும் உண்டாம். ஜப்பான்ல ஸ்டாக்ஸ்காரன் 1960லயே கொண்டாந்தது. காந்தமே கெடையாது, ரெண்டு சல்லடைத் தகட்டுக்கு நடுவுல சவ்வு மின்சாரத்துல தொங்கும், இப்ப வாரதுக்கு 580 வோல்ட்டுன்னு சொன்ன. நல்லவேளை அதை நீ கொண்டாரல. ஆச்சி தொடைக்கிதேன்னு ஈரத்துணியோட வந்திருப்பா.

நான் எதை வச்சுப் பாத்தேன் தெரியுமா? போன வருசம் நம்ம அம்மன் கோயில் கொடையில நீ பதிஞ்ச வில்லுப்பாட்டு. அதுல எல்லாப் பரீட்சையும் இருக்கு. மண்குடத்து வாயில மட்டையால அடிக்கும்போது "கும்"முனு ஒண்ணு கெளம்பி, அடியில வாலு ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும். 600ல "கும்" இருக்கு, வாலு கொஞ்சம் குட்டை. தெறந்த கூட்டுல வச்ச காயில் ஹெட்போனு பெரும்பாலும் அடி மந்தரத்துல தளர்ந்துதான் போகும். சுஸ்வாராவுல வாலு தரைமட்டும் இழுக்கு, குடத்து மண்ணே தெரியுது. புலவர் கொரலுக்கு வா. 600ல அவரு இந்தா இந்தத் திண்ணையில உக்காந்து பாடுதாரு, தொண்டையில கட்டுன சளி மொதக்கொண்டு. 1997ல வந்தது, இன்னும் இதுக்கு வாயைக் கட்ட ஆளு தேடிக்கிட்டிருக்காங்க. 800ல அதே புலவரு பந்தலுக்கு அந்தக் கோடியில இருக்காரு. அதுல 56 மில்லிமீட்டர் வளையத்தைக் காதை விட்டுத் தள்ளி, சாய்ச்சு வச்சிருக்கான். அதான் மேடை அகலம். 2009ல வந்த மொத 800க்கு 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள்ளு இருந்துச்சு, 2016ல எஸ் வந்தப்போ அதை உறிஞ்சி எடுக்க உள்ளயே ஒரு ஏற்பாடு வச்சிட்டான்னு நீயே சொன்ன.

சுஸ்வாராவோட இன்னொரு கொணத்தையும் சொல்லணும். அதோட ஒணர்திறன் 83 டெசிபெல், ரொம்பக் கம்மி. பத்து டெசிபெல் கொறைஞ்சா பத்து மடங்கு பவர் குடுக்கணும், இது எங்க தொழில்ல அரிச்சுவடி. அதனாலதான் ஒன் போன்ல சொருகினா அது முனகுது. பெரிய வீட்டு மாப்பிள்ளையை அழைச்சா வண்டியும் அனுப்பணும், வண்டிக்காரனுக்கு சாப்பாடும் போடணும். 600 அப்படியில்ல. 300 ஓம்முதான், நல்ல ஆம்ப்ளிபயர் குடுத்தா சந்தோசப்படும், ஆனா சொல்லிக் காட்டாது. அதுல எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. பஞ்சு போச்சா, கழட்டி மாத்து. கம்பி போச்சா, கழட்டி மாத்து. தலைப்பட்டை போச்சா, அதையும் மாத்து. மாட்டு வண்டி மாதிரி. அச்சு ஒடிஞ்சா அச்சு, கடையாணி போனா கடையாணி.

நாலாவது புத்தி, இதுக்குக் காசே வேண்டாம்: கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டுப் பாரு. மூடின ஹெட்போன்ல கண்ணாடிக் கால் பஞ்சைத் தூக்கிட்டா அந்த இடுக்குல மந்தரம் ஒழுகிரும். பஞ்சு நசுங்கிட்டாலும் சத்தம் மாறும். காதுக்குழாய் ரெண்டரை சென்டிமீட்டர் நீளம், அது தன்பாட்டுக்கு 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஊதி விட்டுக்கிட்டிருக்கு, ஊதல் மாதிரி. காது மடல் ஆளுக்கு ஆளு வேற. அதனால ஒன் சேக்காளி காதுக்குத் தேனா இருக்கது ஒன் காதுக்கு வெல்லப்பாகா இருக்கலாம். ஊரான் செருப்பைப் பாத்து அளவு சொல்லுவியா? அவன் சொன்ன திரைக்கணக்கை மட்டும் ஏன் நம்புத?

இதுலயே பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. சென்ஹைசர்காரன் 50,000 யூரோவுக்கு ஒரு ஹெட்போன் செட்டு கொண்டாந்தான், ஹெச்இ 1ன்னு. ஆம்ப்ளிபயர் இத்தாலிக் கரராப் பளிங்குல செஞ்சது. சுவிட்சைத் தட்டினா வால்வு ஒவ்வொண்ணும் கல்லுக்குள்ள இருந்து எந்திரிச்சு வரும், திருவிழாவுல சப்பரம் எந்திரிக்க மாதிரி. அந்தக் கம்பெனியோட ஹெட்போன் வியாபாரத்தை 2022ல கையில வாங்கினது யாரு? சோனோவா. சுவிட்சர்லாந்துக்காரன். அவன் பரம்பரைத் தொழில் என்ன? காது கேளாதவங்களுக்கு மாட்டுத கருவி! யோசிச்சுப் பாருலே. இந்த வாசல்ல ஹெட்போன், அந்த வாசல்ல காதுமெசினு. நீ எந்த வாசல்ல நொழைஞ்சாலும் கல்லாப்பெட்டி ஒண்ணுதான். வியாபாரின்னா அவன் வியாபாரி. நான் வெறும் சர்பத்தோட நின்னுட்டேன்.

சிரிக்காத. அடுத்தது சிரிக்கத விசயமில்ல. வில்லுல மணி கட்டியிருக்கும்லா? வீசுகோலால அடிக்கும்போது சலங்கை மாதிரி சிலீர்னு கெளம்புமே, அது. 600ல கேட்டேன், மணி இல்ல. 800ல கேட்டேன், இல்ல. அஞ்சு லட்சத்தை மாட்டினேன், அதுலயும் இல்ல. பதிவுல கோளாறோன்னு ஒன்ட்ட கேட்டேன். "நல்லாக் கேக்குதே தாத்தா, சில்லுன்னு இருக்கே"ன்ன. அப்போதான் புரிஞ்சுச்சு, முப்பத்தஞ்சு வருசம் குழாய்க்குக் கீழயே பாயை விரிச்சுப் படுத்த பய காது இது. உச்சிச்சுருதி வயசுலயே பாதி போயிரும், மிச்சத்தை நான் குழாய்க்குக் குடுத்தேன். காதுக்குள்ள மயிரு மாதிரி உயிரணு இருக்காம், ஒருதரம் செத்தா மொளைக்காது. 600க்கு வாங்குத மாதிரி கழட்டி மாத்த பார்ட்டு கெடையாது. 80 டெசிபெல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாயிரும். 83ன்னா 20 மணி, 86ன்னா 10 மணி. ஒரு நூல் கூட்டினா நல்லாருக்குன்னு ஒனக்கு நேத்து தெரிஞ்சு போச்சு. நாளைக்கு அதுவே பழகிரும், அப்போ இன்னொரு நூல் கேக்கும். மொத்தத் திருகும் அப்படித்தான்லே தீரும்.

சரி, சாப்பிட வா, ஆச்சி கூப்பிடுதா. சுஸ்வாராவைத் துடைச்சு சேக்காளிட்ட பத்திரமாக் குடுத்துரு. 800ஐ நீ வச்சுக்க. அந்தப் பழசு, 600, அது இங்கனயே கெடக்கட்டும். எனக்கு எதுக்குன்னு கேக்காத, புலவர் திண்ணையில வந்து உக்காந்து பாடுதாருன்னு சொன்னேன்ல, வந்த மனுசனை எந்திரிச்சுப் போகச் சொல்ல முடியுமா? வெள்ளிக் கம்பி வெத்தலைப் பெட்டியிலதான் இருக்கு, சுண்ணாம்பைத் தொடைச்சிட்டு எடுத்துக்க.

நாளைக்குக் கொடையில சின்னப் பயலுக செட்டு போடுதானுக. மரியாதைக்கு என்னைய பொட்டிக்குப் பக்கத்துல உக்கார வைப்பானுக. நீயும் என் பக்கத்துலயே உக்காந்துக்க. வில்லு மணி அடிக்கும்போது என் தொடையில ஒரு தட்டு தட்டு. நான் காதைச் சாய்ச்சு, முகத்தைச் சுளிச்சு, தலையை ஆட்டுதேன். "பெரியவருக்கு இன்னும் என்னா காதுய்யா!"ன்னு எவனாச்சும் சர்பத்து வாங்கிட்டு வருவான். பாதி ஒனக்கு.